ஆக்டேவியா 1.8 போதுமா, ஆர்எஸ்ஸுக்குக் கூடக் கொடுக்கலாமா? ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு கணக்கு

கொஞ்ச நாளாக ஒரே கேள்வி பல பக்கத்திலிருந்து வருகிறது. பழைய ஸ்கோடா ஆக்டேவியா வாங்க ஆசை. 1.8 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) கையிருப்புக்குள் கிடைக்கிறது, அதே வயசு ஆர்எஸ்ஸுக்கு, அதாவது அதே காரின் வேகமான ரகத்துக்கு, பல லட்சம் கூடக் கேட்கிறார்கள், அந்தக் கூடுதல் பணம் தகுமா? கேட்டவர்களில் ஒருவர் கீழக்கரைக்காரர், துபாயில் வேலை, லீவுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர். இன்னொருவர் மண்டபத்தில் மீன் வியாபாரம், வாரத்தில் பாதி நாள் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரோட்டில் இருப்பவர். இருவருக்கும் ஒரே பதில் சொன்னால் ஒருவருக்காவது அது தவறான பதிலாகத்தான் இருக்கும்.

2025 அக்டோபரில் வந்த புது ஆர்எஸ்ஸின் ஷோரூம் விலை 49.99 லட்சம், அதுவும் இந்தியாவுக்கு 100 கார்தான். அதை வாங்க முடியாதவர்கள் பழைய ஆர்எஸ் பக்கம் திரும்புவது இயல்பு. விற்கிறவர்களுக்கும் அது தெரியும், விலையையும் அதற்குத் தகுந்தபடிதான் சொல்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூடுதல் குதிரைத்திறனுக்காக ஆர்எஸ் வாங்குவது நம் பக்கத்தில் வீண். அதன் கியர்பாக்ஸுக்காக வாங்குவதென்றால் அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அல்ல.

## எந்தெந்தக் காரைப் பற்றிப் பேசுகிறோம்

மூன்றாம் தலைமுறை ஆக்டேவியா இந்தியாவுக்கு வந்தது 2013இல். அதன் 1.8 டிஎஸ்ஐ 1798 சிசி, 180 பிஎஸ் (குதிரைத்திறன்), 250 என்எம் (இழுவை), கூடவே ஏழு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரண்டு கிளட்ச் உள்ள ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். 2020இல் பிஎஸ்6 புகை விதி வந்தபோது அது நின்றது. 2017 ஆகஸ்டில் ஆர்எஸ் 230 வந்தது: 1984 சிசி, 230 பிஎஸ், 350 என்எம், ஆறு கியர் டிஎஸ்ஜி, அன்றைய ஷோரூம் விலை 24.62 லட்சம். 2020இல் ஆர்எஸ் 245 முழுக்க இறக்குமதியாக வந்தது, 245 பிஎஸ், 370 என்எம், 35.99 லட்சம், நாடு முழுவதற்கும் 200 கார்.

நான்காவதாக ஒரு வழியையும் பலர் கேட்கிறார்கள். 1.8 வாங்கி ரீமேப் போட்டால் (என்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றித் திறனைக் கூட்டினால்) ஆர்எஸ் வேகம் வந்துவிடுமே, பணமும் மிச்சமாகுமே என்று. அதையும் சேர்த்தே பார்ப்போம்.

## எதை வைத்து எடை போடுவது

ரோடு. மதுரையிலிருந்து பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. கார்களுக்கு அங்கே சட்டப்படி 100 கி.மீ. வரை போகலாம். பரமக்குடியைத் தாண்டினால் இரண்டு வழிதான். ராமநாதபுரம் வரையுள்ள 46.7 கி.மீ. தூரத்தை நான்கு வழியாக்க 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, வேலை முடிந்தால் கொஞ்சம் மாறும். அதற்குக் கிழக்கே ராமேஸ்வரம் வரை அதே நெடுஞ்சாலை, தொண்டி பக்கமும், சாயல்குடி வழியாகத் தூத்துக்குடி பக்கமும் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை. சாலை நேராகவும் காலியாகவும் இருக்கும், பார்த்ததும் அழுத்தத் தோன்றும். ஆனால் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலங்காடு, அதற்குள்ளிருந்து ஆடு எப்போது குறுக்கே வரும் என்று யாரும் சொல்ல முடியாது. 180 பிஎஸ்ஸையே இங்கே முழுசாகப் பயன்படுத்த இடமில்லை. லாரியை முந்தும் அந்தச் சில விநாடியில் மட்டும் இழுவை நிஜமாகவே உதவும், அதற்கு 1.8 தாராளமாகப் போதும்.

கியர்பாக்ஸ். விஷயமே இதில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1.8இல் இருப்பது உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, பெயர் டிக்யூ200. இரண்டு கிளட்ச் பிளேட்டும் எண்ணெயில்லாமல் காற்றில் சுழல்கின்றன, சூடு போவதும் காற்று வழியாக மட்டுமே. ஓடிக்கொண்டே இருந்தால் பிரச்சினையில்லை. ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பிளேட் பாதி பிடித்தும் பிடிக்காமலும் வழுக்கும், சூடு ஏறும், தேயும். அதோடு மெக்கட்ரானிக் என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதாவதும் இந்தக் கியர்பாக்ஸில் உலகம் முழுக்கத் தெரிந்த கதை. போனால் பில் லட்சங்களில் வரும்.

ஆர்எஸ் இரண்டிலும் இருப்பது ஈரக் கிளட்ச். பிளேட்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்கும், சூட்டை எண்ணெய் வாங்கிக்கொண்டு போய்விடும். ஆர்எஸ் 230இல் உள்ள டிக்யூ250 நீண்ட நாள் தாங்குவதில் பெயர் பெற்றது, ஆனால் சும்மா தாங்காது. 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும்.

நம்ம ஊரில் டிராஃபிக்கே இல்லையே, உலர் கிளட்சுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். பெரும்பாலான நாள் அது சரிதான். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முந்தின நாள் ராமேஸ்வரம் போய்ப் பாருங்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலேயே பாம்பன் சாலைப் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க வண்டியை ஓரங்கட்டுகிறவர்களால் நெரிசல் வரும், 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்த பிறகு சொல்லவே வேண்டாம். உச்சி வெயிலில், ஏசியைப் போட்டுக்கொண்டு, 2.34 கி.மீ. பாலத்தை ஊர்ந்தே கடப்பது உலர் கிளட்சுக்குக் கடுமையான வேலை. ராமேஸ்வரத்தில் குடியிருப்பவரும் சாயல்குடியில் குடியிருப்பவரும் இந்த விஷயத்தில் ஒன்றல்ல.

உப்பு. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. வாலிநோக்கத்தில் உப்பளமே இருக்கிறது. கார் பாடிக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, வெளித்தகடு சீக்கிரம் துருப்பிடிக்காது. பாதிப்பு கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான். சஸ்பென்ஷன் கைகள், சப்ஃபிரேம் போல்ட்டு, சைலன்சர் கிளாம்ப், பிரேக் பைப், முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சர் எல்லாமே உப்புக்கு ஆகாதவை. 1.8 ஆனாலும் ஆர்எஸ் ஆனாலும் உப்பு ஒன்றுதான், ஆனால் ஆர்எஸ் தாழ்வான சஸ்பென்ஷனில் நிற்கிறது. கிராமத்து வேகத்தடையில் அடி உரசினால் பூச்சு போகும், போன இடத்தில் உப்பு பிடிக்கும்.

வாட்டர் வாஷ் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதை வைத்து அடியில் பீய்ச்சி அடித்தால் உப்பைக் கழுவுவதாக நினைத்துக்கொண்டு உப்பைப் பூசுகிறோம். காவிரிக் கூட்டுக் குடிநீரோ, நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள இடமோ பார்த்துத்தான் கழுவ வேண்டும். தனுஷ்கோடி போய்வந்த அன்றே கழுவ வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

சர்வீஸ் தூரம். ராமநாதபுரத்திலிருந்து மதுரை 110 கி.மீ.க்கு மேல். எண்ணெய், பிரேக் பேட் போன்ற வேலைக்குக்கூட அந்தத் தூரம் போகிற கார் இது. டிஎஸ்ஜி தெரிந்த மெக்கானிக்கும் ஸ்கேனரும் அங்கேதான். வழியில் நின்றுவிட்டால் லாரியில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், அந்த வாடகையையும் கணக்கில் வையுங்கள்.

நிற்கும் நாட்கள். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் இதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். ஓட்டி ஏற்படும் தேய்மானத்தைவிட ஷெட்டில் நின்று ஏற்படும் கேடு அதிகம். பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும், பிரேக் டிஸ்க்கில் மேலோட்டமாக வரும் துரு குழியாக மாறும், எலி ஒயரைக் கடிக்கும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். 2023க்கு முந்தைய இந்தக் கார்கள் எதுவும் அந்தக் கலவைக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

விற்கும்போது. இங்கே பழைய கார் வாங்குகிறவர்கள் தேடுவது இன்னோவா, ஸ்விஃப்ட், பொலிரோ. ஆக்டேவியாவுக்கே ஆள் குறைவு, ஆர்எஸ்ஸுக்கு உள்ளூரில் ஆளே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோவை, கொச்சி, பெங்களூரில் ஆர்எஸ்ஸைத் தேடி அலைகிறவர்கள் உண்டு, அவர்கள் ரெக்கார்டு நன்றாக இருந்தால் நல்ல விலை தருவார்கள்.

## சாதாரண 1.8 டிஎஸ்ஐ

180 பிஎஸ் என்பதைச் சாதாரணம் என்று சொல்லவே மனசு வரவில்லை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை எட்டு விநாடிக்குள் தொடும் கார் இது. ஓட்டிப் பார்க்காமல் ஆர்எஸ்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் நல்ல நிலையில் உள்ள ஒரு 1.8ஐ ஓட்டிப் பாருங்கள், பாதிப் பேருக்கு ஆர்எஸ் ஆசை அங்கேயே அடங்கிவிடும். பின் சஸ்பென்ஷன் இதிலும் மல்டிலிங்க்தான், 1.4 என்ஜின் ஆக்டேவியாவில் உள்ள மாதிரி எளிய அமைப்பு இல்லை. 590 லிட்டர் டிக்கி. அப்பா அம்மாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் பின்சீட்டில் அவர்கள் தூங்கிவிடுவார்கள். 205/55 ஆர்16 டயர் உள்ள மாடலாகப் பார்த்து எடுத்தால் அந்த அளவு டயர் எங்கும் கிடைக்கும், பக்கச் சுவரும் உயரமாக இருக்கும். பஸ்ஸுக்கு வழிவிட மண்ணில் இறங்கும்போது கருவேல முள்ளையும் குழியையும் ஓரளவு தாங்கும்.

மறைந்திருக்கும் செலவு அந்த உலர் கியர்பாக்ஸ்தான். ஆர்எஸ் வாங்காததால் மிச்சமான பணத்தை மொத்தமாக மிச்சம் என்று எண்ணாதீர்கள். அதில் ஒரு பங்கைக் கிளட்சுக்கும் மெக்கட்ரானிக்குக்கும் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் மீதியை லாபம் என்று சொல்ல வேண்டும். விலை வித்தியாசம் 6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கியர்பாக்ஸுக்கு 3 லட்சம் ஒதுக்கினாலும் 3 லட்சம் கையில் நிற்கிறது. வித்தியாசமே 3 லட்சம்தான் என்றால் 1.8 பக்கம் உள்ள வாதம் மெலிந்துவிடுகிறது. அதனால் 1.8ஆ ஆர்எஸ்ஸா என்று பொதுவாகக் கேட்காமல், இந்த 1.8ஆ இந்த ஆர்எஸ்ஸா என்று இரண்டு குறிப்பிட்ட கார்களை எதிரெதிரே வைத்துக் கேளுங்கள்.

ஓட்டும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நெரிசலில் பிரேக்கை லேசாக விட்டு விட்டு ஊராமல், முன்னால் நல்ல இடைவெளி வந்ததும் நகர்ந்து, முழுசாக நிறுத்துங்கள். பிளேட்டின் ஆயுளை இந்தப் பழக்கம் நிச்சயம் கூட்டும்.

கீழக்கரைக்காரருக்கு என் பதில் இந்தக் கார்தான். வருடத்தில் பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கப்போகும் வண்டிக்குக் கூடுதலாகப் பல லட்சம் போடுவதில் அர்த்தமில்லை. நிற்கும் பணம் அதிகமாக அதிகமாகக் கேடும் அதிகம். போகும்போது டேங்கை நிரப்பி வைக்க வேண்டும், பேட்டரிக்குச் சார்ஜர் போட்டு வைக்க வேண்டும், வீட்டில் யாராவது வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வரை ஓட்டிவர வேண்டும். ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பதால் பயனில்லை, என்ஜின் முழுசாகச் சூடேறி, பிரேக் நாலு தடவை பிடித்தால்தான் பலன்.

## 1.8இல் ரீமேப்

இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். டிக்யூ200 தாங்கும் அளவு 250 என்எம். அந்த என்ஜினுக்கு அதைவிடக் கூடத் தர முடியும், கியர்பாக்ஸை மனதில் வைத்துத்தான் கம்பெனியே 250இல் கட்டி வைத்திருக்கிறது. ரீமேப் கடைக்காரர் 300க்கு மேல் போட்டுக் காட்டுவார், முதல் நாள் சந்தோஷமாகத்தான் இருக்கும். அந்தக் கூடுதல் 50 என்எம்மைச் சுமப்பது ஏற்கெனவே பலவீனமான பாகம். இன்சூரன்ஸ்காரரிடம் மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் கிளைம் நேரத்தில் தகராறு வேறு.

ஏற்கெனவே ரீமேப் செய்து, விற்பதற்கு முன் பழையபடி மாற்றிய கார் இன்னும் ஆபத்து. வெளியில் ஒன்றும் தெரியாது. 1.8ஐத் தேடும்போது இளைஞர் கையிலிருந்து வந்த வண்டியைவிட, டாக்டரோ வியாபாரியோ குடும்பத்துக்கு ஓட்டிய வண்டியைத் தேடுங்கள்.

## ஆர்எஸ் 230

100 கி.மீ. வேகத்துக்கு 6.8 விநாடி என்று கம்பெனி சொல்கிறது. 1.8ஐவிட ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசம்தான். அந்த ஒரு விநாடிக்காகப் பல லட்சம் கொடுத்தால் நம் ரோட்டில் அதைச் செலவழிக்க இடமே கிடைக்காது. முன்சக்கரம் மட்டும் இழுக்கும் காரில் 350 என்எம் என்பதால், கடல் காற்று மணலைக் கொண்டுவந்து போட்ட ரோட்டில் திடீரென்று அழுத்தினால் சக்கரம் சுற்றும், ஸ்டியரிங் கையில் இழுக்கும். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரையுள்ள சாலையில் இதைத் தெளிவாக உணரலாம். போட்டோ எடுக்கக் காரை மணலில் இறக்குவது அறவே வேண்டாம், தாழ்வான பம்பர் முதலில் மாட்டும்.

அப்படியானால் இந்தக் காருக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? மூன்று காரணம். ஈரக் கிளட்ச் கியர்பாக்ஸ் முதலாவது, மற்ற இரண்டையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. அடுத்தது பிரேக். 350 கி.மீ. தூரத்தை ஒரே மூச்சில் ஓட்டுகிறவருக்குக் காலடியில் பெரிய டிஸ்க் இருக்கும் தைரியம் வேறு. மூன்றாவது சீட், இடுப்பைப் பக்கவாட்டில் பிடித்து உட்கார வைக்கும், நாலு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் முதுகு வலிக்காது. சஸ்பென்ஷன் இறுக்கம் அதற்கு நேர்மாறு, பின்சீட்டில் வயசானவர்கள் இருந்தால் முகம் சுளிப்பார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் இதிலும் உண்டு. ஆர்எஸ்ஸுக்கே உரிய பம்பர், விளக்கு, ஓரத்து பிளாஸ்டிக் எல்லாம் விலை அதிகம், ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். இங்கே இன்சூரன்ஸில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. மூன்றாம் நபர் பிரீமியம் 1500 சிசிக்கு மேல் எல்லாக் காருக்கும் ஒன்றே, 2022இல் வைத்த 7,897 ரூபாய், 1.8க்கும் ஆர்எஸ்ஸுக்கும் அதில் ஒரு பைசா வித்தியாசமில்லை. ஆனால் சொந்தச் சேதத்துக்கான பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். அந்தக் கழிவு இல்லாத ஜீரோ டெப் பாலிசி பழைய காருக்குக் கிடைப்பது கஷ்டம். ஆக ஆடு குறுக்கே வந்து பம்பர் உடைந்தால் பாதிக் காசு உங்கள் பையிலிருந்துதான். ஐந்து வருடம் தாண்டிய காரின் ஐடிவி (கார் முழுசாகப் போனால் கிடைக்கும் காப்பீட்டுத் தொகை) கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்வது. ஆர்எஸ் வாங்கினால் சாதாரண ஆக்டேவியா கணக்கில் ஐடிவியைப் போட விடாதீர்கள், வாங்கிய விலையைக் காட்டிப் பேசுங்கள்.

மண்டபத்து மீன் வியாபாரிக்கு இதைத்தான் சொன்னேன். மாதம் முழுக்க ஓடும் கார், அமாவாசைக் கூட்டமானாலும் பாம்பன் பாலத்தைக் கடந்தே ஆக வேண்டிய ஆள், மதுரைக்கு எப்படியும் போவதால் சர்வீஸ் தனிப் பயணமாகாது. அவர் கொடுக்கும் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி கியர்பாக்ஸ் பயமில்லாமல் ஓட்டுவதில் திரும்பி வந்துவிடும், இன்னொரு பகுதி விற்கும்போது வரும். ஆனால் 60,000 கி.மீ. கியர் ஆயில் மாற்றியதற்குப் பில் இல்லாத ஆர்எஸ் எவ்வளவு பளபளத்தாலும் வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னேன். அந்தப் பில் இல்லையென்றால், எதற்காகக் கூடக் கொடுக்கிறோமோ அந்தக் கியர்பாக்ஸே சந்தேகத்துக்கு உரியதாகிவிடுகிறது.

## ஆர்எஸ் 245

ஆர்எஸ் 230ஐவிட 15 பிஎஸ், 20 என்எம் கூட, 18 அங்குலச் சக்கரம், ஏழு கியர். நம் பக்கத்தில் ஓட்டுவதற்கு இந்தக் கூடுதல் விலை தகாது என்பதே என் எண்ணம். கியர்பாக்ஸில் கிடைக்கும் நிம்மதி 230இலேயே கிடைத்துவிடுகிறது. 18 அங்குலச் சக்கரத்தில் மெல்லிய டயர், பக்கச் சுவர் உயரம் குறைவு, ஈசிஆரில் ஒரு குழியில் விழுந்தால் ரிம்மும் சேர்ந்து போகும். 200 கார்தான் வந்தது என்பது சேகரித்து வைப்பவருக்கு மதிப்பு, ஆனால் சேகரித்து வைக்கும் காரை உப்புக் காற்றில் நிறுத்தக் கூடாது. கோவையிலோ மதுரையிலோ வீடு இருந்து அங்கே வைக்க முடிந்தால் எடுங்கள்.

## கேட்காதவர்களும் யோசிக்க வேண்டிய ஒன்று

2021இல் வந்த நான்காம் தலைமுறை ஆக்டேவியா 2.0 டிஎஸ்ஐ. 190 பிஎஸ், 320 என்எம், ஈரக் கிளட்ச் ஏழு கியர் டிஎஸ்ஜி. ஆர்எஸ் பெயர் இல்லை, தாழ்ந்த சஸ்பென்ஷனும் இல்லை. ஆர்எஸ்ஸை நான் எதற்காக மதிக்கிறேனோ அது இதில் இருக்கிறது, நம் ரோட்டுக்கு ஆகாதது இதில் இல்லை. வயசும் குறைவு. கையில் ஆர்எஸ் 230 விலை இருக்கிறது, பின்சீட்டில் குடும்பம் இருக்கிறது என்றால் இதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

| | 1.8 டிஎஸ்ஐ | 1.8 ரீமேப் | ஆர்எஸ் 230 | ஆர்எஸ் 245 |
|---|---|---|---|---|
| திறன் | 180 பிஎஸ், 250 என்எம் | 300 என்எம்முக்கு மேல் | 230 பிஎஸ், 350 என்எம் | 245 பிஎஸ், 370 என்எம் |
| கிளட்ச் | உலர் | உலர், தாங்கும் அளவுக்கு மேல் | ஈரம் | ஈரம் |
| பயப்பட வேண்டிய செலவு | மெக்கட்ரானிக், கிளட்ச் | அதே, இன்னும் சீக்கிரம் | பம்பர், விளக்கு | சக்கரம், இறக்குமதி பாகம் |
| கடற்கரையில் நிறுத்த | பரவாயில்லை | பரவாயில்லை | அடியைக் கவனிக்க வேண்டும் | வேண்டாம் |
| விற்க | மெதுவாகப் போகும் | கஷ்டம் | வெளியூரில் ஆள் உண்டு | வெளியூரில் ஆள் உண்டு |
| யாருக்கு | குறைவாக ஓட்டுபவர், குடும்பம் | யாருக்கும் இல்லை | நிறைய ஓட்டுபவர் | வெளியூரில் வைக்க இடம் உள்ளவர் |

## முன்பணம் கொடுக்கும் முன்

எந்த ஊர்க் கார் என்று முதலில் பாருங்கள். பெங்களூர், கோவைக் கார்களின் அடிப்பகுதி காய்ந்து சுத்தமாக இருக்கும். கொச்சி, சென்னைக் கடலோரத்தில் ஏற்கெனவே உப்பு தின்ற காரை இங்கே கொண்டுவந்து இன்னும் உப்பு ஊட்ட வேண்டாம். வெள்ளமும் முக்கியம். 2018இல் கேரளா, 2023 டிசம்பரில் சென்னையும் அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலியும் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கறை தெரியும், சீட்டுக்கு அடியில் போல்ட்டு துருப்பிடித்திருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

லிஃப்ட்டில் தூக்கி அடியைப் பாருங்கள், படத்தை நம்பாதீர்கள். நீங்கள் வரும் வரை என்ஜினை ஓட்டாமல் வைக்கச் சொல்லி, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேளுங்கள். 1.8, 2.0 இரண்டுமே ஒரே குடும்பத்து என்ஜின், தண்ணீர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பெட்டியில் கூலண்ட் கசிவது இரண்டுக்கும் பொதுவான நோய். இளஞ்சிவப்புக் கறை காய்ந்து ஒட்டியிருந்தால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களுக்கான ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூட்டிப்போய் கியர்பாக்ஸில் பதிவான பிழைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் மெதுவாக மாறும்போது உதறல் இருக்கிறதா என்று அரை மணி நேரமாவது ஊர்ந்து ஓட்டிப் பாருங்கள். வேகமாக ஓட்டிக் காட்டினால் நல்லாத்தான் இருக்கும், மெதுவாக ஓட்டும்போதுதான் நோய் தெரியும்.

சர்வீஸ் ரெக்கார்டை விற்பவர் கொடுக்கும் புத்தகத்தில் மட்டும் பார்க்காமல், சேசிஸ் எண்ணை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்கச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் காரணம் இருக்கும்.

வெளிமாநிலக் காராக இருந்தால், ஆர்எஸ் பெரும்பாலும் அப்படித்தான் கிடைக்கும், அந்த ஊர் ஆர்டிஓவிடம் என்ஓசி வாங்கி, ராமநாதபுரத்தில் டிஎன் 65 எண்ணுக்கு மாற்றி, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியையும் கட்ட வேண்டும். வரி காரின் விலையையும் வயதையும் பொறுத்தது, ஆக ஆர்எஸ்ஸுக்கு அதுவும் கூட. பேசி முடித்த விலையோடு அந்தத் தொகையைச் சேர்த்த பிறகுதான் 1.8இன் விலையோடு ஒப்பிட வேண்டும், பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். வங்கிக் கடன் பாக்கி இருந்தால் ஆர்சியில் அது பதிவாகியிருக்கும், அதை நீக்கிய சான்று கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.